‘விட்டுடுங்க’ என்ற சொல்லோடு நிறுத்திவிடாதீர்கள்

தமிழ்நாட்டு மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மருத்துவர்களே, செவிலியர்களே,



அரசு மருத்துவமனையானாலும் தனியார் கிளினிக்கானாலும், புறநோயாளிகள் பிரிவில் நாள்தோறும் நடக்கும் ஓர் உரையாடல் உங்களுக்கு மனப்பாடமாகியிருக்கும். இருமலோடு வந்தவரின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தபடியே, “பீடி, சிகரெட் பழக்கம் உண்டா?” என்று கேட்கிறீர்கள். “எப்பவாவது ஒண்ணு ரெண்டு சார்” என்கிறார் அவர். “விட்டுடுங்க” என்கிறீர்கள். “சரிங்க டாக்டர்” என்று தலையாட்டுகிறார். மருந்துச் சீட்டு கைமாறுகிறது, அடுத்த டோக்கன் அழைக்கப்படுகிறது. இருமலுக்கு மருந்து கிடைத்தது. இருமலை உண்டாக்கிய பழக்கத்துக்கு ஒரு சொல் மட்டுமே கிடைத்தது. அந்தச் சொல்லை நீங்கள் அக்கறையோடுதான் சொல்கிறீர்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் சர்க்கரை நோயாளியிடம் “சர்க்கரையைக் குறைச்சுக்குங்க” என்று மட்டும் சொல்லி நீங்கள் அனுப்பிவிடுவதில்லை. மாத்திரை எழுதுகிறீர்கள், என்ன சாப்பிடலாம் என்று சொல்கிறீர்கள், அடுத்த மாதம் இரத்தப் பரிசோதனையோடு வரச் சொல்கிறீர்கள். புகைப் பழக்கத்துக்கும் இதேபோல் சிகிச்சை உண்டு. அது பலன் தரும் என்பதற்கு வலுவான சான்றுகள் உண்டு. அதைத் தொடங்கிவைக்க ஏற்ற இடம் உங்கள் மேசை. இதைச் சொல்லவே இந்த மடல்.

இதைத் தமிழ்நாட்டு மருத்துவ உலகத்திடம் குறிப்பாகக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. புகைக்கும் காசநோய்ச் சாவுக்கும் உள்ள தொடர்பை உலகுக்கு அழுத்தமாகக் காட்டிய ஆய்வு நம் மண்ணில் நடந்தது. 1990-களின் பிற்பகுதியில் சென்னை நகரிலும் விழுப்புரம் மாவட்டக் கிராமங்களிலும் இறந்த ஏறத்தாழ 43,000 ஆண்களின் புகைப் பழக்கத்தை, உயிரோடிருந்த 35,000 ஆண்களின் பழக்கத்தோடு மருத்துவர் கஜலட்சுமியும் அவருடைய குழுவினரும் ஒப்பிட்டார்கள். 2003-இல் ‘லான்செட்’ இதழில் வெளியான அந்த ஆய்வின்படி, புகைப்பவர் காசநோயால் இறக்கும் வாய்ப்பு புகைக்காதவரைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு. இந்தியாவில் காசநோயால் இறக்கும் ஆண்களில் பாதிப் பேரின் சாவுக்குப் புகை ஒரு காரணம் என்று அந்தக் குழு முடிவுக்கு வந்தது. நம் மாநிலத்தில் 2022 முதல் நடந்துவரும் ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ நோயாளியின் எடை, மூச்சுத் திறன், எழுந்து நிற்கும் வலிமை ஆகியவற்றைப் பார்த்து, ஆபத்தில் இருப்பவரை உடனே மருத்துவமனையில் சேர்க்க வழிசெய்கிறது. பாராட்ட வேண்டிய ஏற்பாடு அது. அந்த ஏற்பாட்டுக்குள் வரும் நோயாளியின் சட்டைப்பையில் ஒரு பீடிக்கட்டு இருக்குமானால், அதற்கான சிகிச்சையும் அதே நாளில் தொடங்க வேண்டாமா?

புகையை விட்டால் என்ன கிடைக்கும் என்பதற்கு மிக நீண்ட சாட்சியம் சொன்னவர்கள் உங்கள் தொழிலைச் சேர்ந்தவர்கள். 1951-இல் ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்டு ஹில்லும் பிரிட்டன் மருத்துவர்களுக்குக் கடிதம் அனுப்பி, அவர்களுடைய புகைப் பழக்கத்தைக் கேட்டறிந்தார்கள். பதில் எழுதிய ஆண் மருத்துவர்களில் 34,439 பேரை ஐம்பது ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். தொடர்ந்து சிகரெட் புகைத்தவர்கள் சராசரியாகப் பத்து ஆண்டு ஆயுளை இழந்தார்கள் என்பது 2004-இல் வெளியான முடிவு. அறுபது வயதில் விட்டவர் அந்த இழப்பில் மூன்று ஆண்டுகளை மீட்டார். ஐம்பதில் விட்டவர் ஆறு ஆண்டுகளை, நாற்பதில் விட்டவர் ஒன்பது ஆண்டுகளை, முப்பதில் விட்டவர் ஏறத்தாழ முழுவதையும் மீட்டார்கள். பீடி இதில் சேராது என்று நம் ஊரில் ஒரு நினைப்பு உண்டு. இந்தியாவில் 11 லட்சம் வீடுகளில் நடந்து, 2008-இல் வெளியான பிரபாத் ஜா குழுவின் ஆய்வு அந்த நினைப்புக்கு இடம் வைக்கவில்லை. பீடி புகைக்கும் ஆண்கள் ஆறு ஆண்டுகளையும், பீடி புகைக்கும் பெண்கள் எட்டு ஆண்டுகளையும், சிகரெட் புகைக்கும் ஆண்கள் பத்து ஆண்டுகளையும் இழக்கிறார்கள் என்று அது கணக்கிட்டது. நாற்பது வயதுக்காரர் ஒருவருக்கு ஒன்பது ஆண்டுகளை மீட்டுத் தரக்கூடிய மருந்து இருந்தால், அதை எழுதாமல் எந்த மருத்துவரும் அவரை அனுப்ப மாட்டார்.

இவ்வளவு நன்மை இருந்தும் ஏன் விட முடிவதில்லை என்பதற்கு உடலியல் தெளிவாகப் பதில் சொல்கிறது. இழுத்த புகையிலிருந்து நிக்கோட்டின் சில நொடிகளில் மூளையை எட்டுகிறது. இரத்தத்தில் அதன் அளவு இரண்டு மணி நேரத்தில் பாதியாகிறது. அதனால்தான் இரவு முழுவதும் தூங்கி எழுந்தவருக்குக் காலையில் தேவை உச்சத்தில் இருக்கிறது. எழுந்த அரைமணி நேரத்துக்குள் முதல் பீடியைப் பற்றவைப்பவர் கடுமையாகப் பழகிவிட்டவர் என்பதை நீங்கள் அறிவீர்கள். நிறுத்திய முதல் வாரத்தில் எரிச்சல், தூக்கமின்மை, மனம் ஒருநிலைப்படாமை, பசி எல்லாம் சேர்ந்து வருகின்றன. “பீடி இல்லேன்னா காலையில வெளிக்கே போகாது டாக்டர்” என்று சொல்பவரை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அது சாக்குப்போக்கு இல்லை, புகையை நிறுத்தும்போது மலச்சிக்கல் வருவது மருத்துவம் அறிந்த ஒன்று. மூன்று, நான்கு வாரங்களில் இவை பெரும்பாலும் அடங்கிவிடும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லாததால், தனக்கு மட்டும்தான் இப்படி, தனக்கு மன உறுதி போதவில்லை என்று நினைத்துக்கொண்டு நாலாம் நாள் பெட்டிக்கடைக்குப் போகிறார். எந்த உதவியும் இல்லாமல் ஒருமுறை முயல்பவர்களில் ஆறு மாதம், ஓராண்டு தாண்டி நிற்பவர்கள் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர்தான். நூற்றுக்கு 95 பேர் தோற்கும் ஒரு வழியை மட்டும் காட்டிவிட்டு, தோற்றவரின் குணத்தைக் குறை சொல்வது நியாயமாகாது.

உதவி சேர்ந்தால் இந்தக் கணக்கு மாறுகிறது. 1979-இல் வெளியான ஓர் ஆய்வில், லண்டனில் மைக்கேல் ரஸ்ஸல் குழுவினர் 28 பொது மருத்துவர்களிடம் வந்த 2,138 புகைப்பவர்களைப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு பிரிவினருக்கு எதுவும் சொல்லப்படவில்லை. இன்னொரு பிரிவினருக்கு மருத்துவர் ஓரிரு நிமிடம் பேசி, ஒரு துண்டறிக்கை கொடுத்து, பிறகு விசாரிப்போம் என்றும் சொன்னார். ஓராண்டு கழித்து முதல் பிரிவில் விட்டு நிலைத்தவர்கள் 0.3 விழுக்காடு, இரண்டாம் பிரிவில் 5.1 விழுக்காடு. சிறிய எண்ணாகத்தான் தெரியும். ஆனால் இந்த எளிய வழக்கத்தைக் கைக்கொள்ளும் ஒரு மருத்துவர் ஆண்டுக்கு 25 பேரை நிரந்தரமாக மீட்கலாம் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். இரண்டு நிமிடப் பேச்சில் இவ்வளவு பலன் தரும் சிகிச்சைகள் மருத்துவத்தில் அதிகம் இல்லை. ‘விட்டுடுங்க’ என்ற சொல் வீண் என்று நான் சொல்லவில்லை என்பதை இங்கே கவனியுங்கள். அந்தச் சொல்லுக்கே ஒரு பலன் உண்டு. கையில் கொடுக்கும் ஒரு தாளும், திரும்பக் கேட்போம் என்ற ஒரு வாக்கும் சேரும்போது அந்தப் பலன் பெருகுகிறது.

உதவியைக் கூட்டினால் பலனும் கூடுகிறது, அது உயிரையே காக்கிறது என்பதற்கும் சான்று உண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும் நுரையீரல் அடைப்பு தொடங்கியிருந்த 5,887 புகைப்பவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு சாராருக்கு மருத்துவரின் அழுத்தமான அறிவுரை, பத்து வாரக் குழுக் கூட்டங்கள், நிக்கோட்டின் சூயிங்கம் எல்லாம் கிடைத்தன. மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு. ஐந்து ஆண்டுகளில் தொடர்ந்து புகையின்றி இருந்தவர்கள் முதல் பிரிவில் 21.7 விழுக்காடு, இரண்டாவதில் 5.4 விழுக்காடு. பதினான்கரை ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, உதவி கிடைத்த பிரிவில் ஆண்டுக்கு ஆயிரம் பேரில் 8.83 பேரும், மற்றதில் 10.38 பேரும் இறந்திருந்தார்கள். உதவி கிடைத்தவர்களில் பெரும்பாலோர் புகையை விடவில்லை என்பதையும் சேர்த்து யோசியுங்கள். விட்ட ஒரு பகுதியினரால் மட்டுமே அந்தப் பிரிவு முழுவதின் இறப்பு விகிதமும் கீழே இறங்கியது.

அமெரிக்க அனுபவம் நம் ஊருக்கு ஒத்துவருமா என்று கேட்பீர்கள். நம்மைப் போன்றே நெரிசலும் ஏழ்மையும் உள்ள பாகிஸ்தானில், 33 சுகாதார நிலையங்களில், காசநோய் இருக்கலாம் என்ற ஐயத்தோடு வந்த 1,955 புகைப்பவர்களிடம் நடந்த ஆய்வு 2013-இல் வெளியானது. நோயாளியோடு இரண்டு முறை அமர்ந்து திட்டமிட்டுப் பேசியதுதான் அங்கே தரப்பட்ட முக்கிய சிகிச்சை. ஆறு மாதம் தொடர்ந்து புகைக்காமல் இருந்தவர்கள், பேச்சு கிடைத்த பிரிவில் 41 விழுக்காடு. வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்த பிரிவில் 8.5 விழுக்காடு. எல்லா நிலையங்களிலும் பலன் ஒரே அளவில் இருக்கவில்லை. நிலையத்துக்கு நிலையம் பெரிய வேறுபாடு இருந்தது. பேசுபவரின் அக்கறையும் பயிற்சியும் எவ்வளவு முக்கியம் என்பதை அந்த வேறுபாடு உணர்த்துவதாகவே நான் கொள்கிறேன். பிறகு வங்கதேசத்திலும் பாகிஸ்தானிலும் 2,472 காசநோயாளிகளுக்கு இதே பேச்சோடு, புகையை விட உதவும் சைட்டிசின் மாத்திரையோ வெற்று மாத்திரையோ கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2020-இல் வெளியானது. சைட்டிசின் பிரிவில் 32.4 விழுக்காட்டினரும், வெற்று மாத்திரைப் பிரிவில் 29.7 விழுக்காட்டினரும் ஆறு மாதம் நிலைத்தார்கள். மாத்திரையால் குறிப்பிடத்தக்க கூடுதல் பலன் இல்லை. ஆனால் வெற்று மாத்திரை வாங்கியவர்களில்கூட பத்தில் மூன்று பேர் விட்டார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. நோய் ஒருவரை உங்கள் முன் கொண்டுவந்து உட்கார வைக்கும் அந்த நேரத்தில், அவர் மாறத் தயாராக இருக்கிறார். அவரோடு பேச ஒருவர் இருந்தால் போதும்.

அப்படியானால் மருந்து வேண்டாமா? வேண்டும், குறிப்பாகக் கடுமையாகப் பழகியவர்களுக்கு. நிக்கோட்டின் சூயிங்கமும் தோலில் ஒட்டும் பட்டையும் விடுபவர்களின் எண்ணிக்கையை ஒன்றரை மடங்குக்குச் சற்று மேலாகவே கூட்டுகின்றன. வெரெனிக்ளின் மாத்திரை இரண்டு மடங்குக்கு மேல் கூட்டுகிறது. மனநலச் சிக்கல்களை அது உண்டாக்குமோ என்ற அச்சத்தை, 2016-இல் வெளியான எட்டாயிரம் பேருக்கு மேல் பங்கேற்ற ஆய்வு பெருமளவு தீர்த்துவிட்டது. இந்தியாவின் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் நிக்கோட்டின் மாற்று மருந்து 2022-இல் சேர்ந்தது. 2024-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டி வெரெனிக்ளின், நிக்கோட்டின் மாற்று மருந்து, புப்ரோப்பியான், சைட்டிசின் ஆகிய நான்கையும், அவற்றோடு பேச்சு உதவியையும் பரிந்துரைக்கிறது. ஆனால் மருந்தும் சொல்லிக்கொடுத்தால்தான் வேலை செய்யும். சூயிங்கத்தை வாங்கிப் போகிறவர் அதைக் குழந்தைகள் மெல்லுவதுபோல் விடாமல் மென்று எச்சிலை விழுங்குகிறார். தொண்டை எரிகிறது, விக்கல் வருகிறது, வயிற்றைப் புரட்டுகிறது. “அது எனக்கு ஒத்துக்கலை” என்று அட்டையைத் தூக்கிப் போடுகிறார். நாலைந்து முறை மெதுவாக மென்று, மிளகுக் காரம்போல் சுருக்கென்று ஏறியதும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிவைக்க வேண்டும். காரம் அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். வாயில் வைப்பதற்குக் கால்மணி நேரத்துக்கு முன்பிருந்தே டீயோ காபியோ குடிக்கக் கூடாது. இதைச் சொல்ல ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடம் கிடைக்காததால்தான் பல அட்டைகள் பாதியிலேயே குப்பைக்குப் போகின்றன.

இனி உங்கள் மறுப்புகளுக்கு வருகிறேன். முதலாவது, நேரம். காலை ஓ.பி.யில் நூறு, நூற்றைம்பது பேரைப் பார்க்கும் மருத்துவரிடம் ஆலோசனையும் நடத்துங்கள் என்று கேட்பது நியாயமா? முழு வேலையும் உங்கள் தலையில் விழ வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பி.பி. பார்க்கும் மேசையிலேயே செவிலியர் புகையிலைப் பழக்கத்தைக் கேட்டு, ஓ.பி. சீட்டில் எடைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் பக்கத்தில் குறித்துவிடலாம். புகைப்பதோடு மெல்லும் புகையிலையையும் சேர்த்தே கேட்க வேண்டும். மருத்துவர் சொல்ல வேண்டியது அரை நிமிடப் பேச்சு: “உங்க நெஞ்சுச் சளிக்கு இதுதான் முக்கியக் காரணம். இதை விட மருந்து இருக்கு, உதவி இருக்கு. இன்னைக்கே ஆரம்பிக்கலாமா?” மீதியைப் பயிற்சி பெற்ற செவிலியரோ ஆலோசகரோ தொலைபேசி உதவியாளரோ பார்த்துக்கொள்ளலாம். 1800-11-2356 என்ற கட்டணமில்லாத தேசிய உதவி எண் 2016 முதல் இயங்குகிறது. 2018 முதல் ஒவ்வொரு சிகரெட், பீடி உறையிலும் அது அச்சாகிறது. புகைப்பவர் அதை நாள்தோறும் கையில் வைத்திருக்கிறார், ஆனால் அந்த எண்ணை அழைத்தால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியாது. மருத்துவர் அந்த உறையை வாங்கி, எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுக் கொடுத்தால் அதற்கு வேறு மதிப்பு வந்துவிடும். நேரமின்மை என்பது, இருமலுக்கும் மூச்சிரைப்புக்கும் திரும்பத் திரும்ப வரும் அதே நோயாளிகளால் உண்டாவது என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. விட்டவர்களில் பெரும்பாலோர் யார் உதவியும் இல்லாமல் தாமாகவே விட்டவர்கள்தானே, பிறகு எதற்கு இந்த ஏற்பாடெல்லாம் என்பது அது. விட்டவர்களில் பெரும்பாலோர் தாமாக விட்டவர்கள் என்பது உண்மை. ஆனால் முயன்றவர்களில் பெரும்பாலோரும் தாமாகவே முயன்றவர்கள். ஆயிரம் பேர் ஒரு வழியில் போய் நாற்பது பேர் கரை சேர்ந்தால், நூறு பேர் இன்னொரு வழியில் போய்ப் பதினைந்து பேர் கரை சேர்ந்தால், எண்ணிக்கையில் முதல் வழி பெரிதாகத் தெரியும். ஆனால் உங்கள் தம்பியை எந்த வழியில் அனுப்புவீர்கள்? தானாக விட முடிந்தவரைத் தடுக்க வேண்டியதில்லை, அவரை மனதாரப் பாராட்டுவோம். நாம் கவலைப்பட வேண்டியது நாலைந்து முறை முயன்று தோற்று, இனி முயன்று பயனில்லை என்று முடிவு கட்டிவிட்டவரைப் பற்றி. அவர்தான் மாரடைப்போடும் காசநோயோடும் உங்களிடம் வருகிறார்.

மூன்றாவது, “சொன்னா கேக்கறதில்லை, விட்டாலும் மறுபடி ஆரம்பிச்சுடறாங்க” என்ற சலிப்பு. 2016-17-இல் நடந்த இரண்டாவது இந்தியப் பெரியவர் புகையிலைக் கணக்கெடுப்பில், புகைப்பவர்களில் 55.4 விழுக்காட்டினர் விட நினைப்பதாகவோ திட்டமிடுவதாகவோ சொன்னார்கள். முந்தைய ஓராண்டில் மருத்துவரிடமோ சுகாதாரப் பணியாளரிடமோ போன புகைப்பவர்களில், விடச் சொல்லி அறிவுரை பெற்றவர்கள் 48.8 விழுக்காடுதான். அதாவது விட விரும்புகிறவர் பாதிக்கு மேல். சொல்லப்பட்டவர் பாதிக்கும் குறைவு. கேட்காதவர்கள் என்று நாம் முத்திரை குத்துகிறவர்களில் பலரிடம் இன்னும் சொல்லவே இல்லை. மறுபடி தொடங்கிவிடுவதைப் பொறுத்தவரை, அது இந்த நோயின் இயல்பு. ஆஸ்துமா திரும்ப வந்தால் நோயாளியைத் திட்டுவதில்லை, மருந்தை மாற்றிப் பார்க்கிறீர்கள். இங்கும் எப்போது வழுக்கியது என்று கேட்டால் பதில் கிடைக்கும்: டீக்கடையில் நண்பர்களோடு நின்றபோது, சாப்பிட்ட கையோடு, சம்பள நாளில் குடித்தபோது, இரவுப் பணியில் தூக்கம் வந்தபோது. அடுத்த முறைக்கான திட்டத்தை அந்தப் பதிலிலிருந்தே போடலாம். கூச்சத்தால் உங்களிடம் “விட்டுட்டேன்” என்று பொய் சொல்பவரைக் குற்றவாளியாகப் பார்க்காமல், உண்மை சொன்னாலும் திட்டு விழாது என்ற நம்பிக்கையை அவருக்குக் கொடுங்கள்.

நான்காவது, நிக்கோட்டினிலிருந்து விடுவிக்க நிக்கோட்டினையே கொடுப்பது ஒரு பழக்கத்தை எடுத்துவிட்டு இன்னொன்றை வைப்பதாகாதா என்ற கேள்வி. நிக்கோட்டின் பழக்கத்தைப் பிடித்துவைக்கிறது. நுரையீரலையும் இரத்தக் குழாயையும் கெடுப்பதில் பெரும்பங்கு எரியும் புகையின் தாருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கும் உண்டு. சூயிங்கத்திலும் பட்டையிலும் அவை இல்லை. அவற்றிலிருந்து நிக்கோட்டின் மெதுவாகவும் குறைவாகவும் ஏறுகிறது. மூன்று மாத அளவில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தலாம். மருத்துவர் மேற்பார்வையில் நடக்கும் இந்தச் சிகிச்சையை மின்சிகரெட்டோடு குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை. அதன் விற்பனையை இந்தியா 2019-இலேயே தடைசெய்துவிட்டது. பீடிப் பழக்கத்துக்கு மருந்து எவ்வளவு வேலை செய்யும் என்று கேட்டால், பெரும்பாலான ஆய்வுகள் சிகரெட் புகைப்பவர்களிடம் நடந்தவை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் பீடியிலும் பழக்கத்தைப் பிடித்துவைப்பது அதே நிக்கோட்டின்தான். பேச்சு உதவி நோயாளி எதைப் புகைத்தாலும் பொருந்தும்.

ஐந்தாவது, மனிதாபிமானத்தோடு எழும் ஒரு தயக்கம். நாளெல்லாம் மூட்டை தூக்குகிறவருக்கு இருக்கும் ஒரே ஆறுதல் ஒரு பீடி, அதையும் பிடுங்கலாமா? மனநோய்க்கு மருந்து எடுப்பவரிடம் போய் இதையும் கேட்கலாமா? அந்தக் கருணையை மதிக்கிறேன். ஆனால் பீடி தரும் ஆறுதலில் பெரும்பங்கு, முந்தைய பீடி இறங்கியதால் வந்த தவிப்பைத் தணிப்பதுதான். புகையை விட்டவர்களிடம் பதற்றமும் மனச்சோர்வும் கூடுவதற்குப் பதில் குறைந்ததாகவே 26 ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வெளியான கட்டுரை காட்டியது. மனநலச் சிக்கல் உள்ளவர்களிடமும் அதுவே நிலைமை. மூட்டை தூக்குகிறவரின் உடம்பே அவர் குடும்பத்தின் மூலதனம். அந்த உடம்பை இழந்தால் அவருக்கு ஓய்வூதியம் கிடையாது. அவரிடம் கேட்காமல் விடுவதில் கருணை இல்லை. வரியைக் கூட்டுவதும், பள்ளிக்கூடத்துப் பக்கத்தில் விற்பதைத் தடுப்பதும், சில்லறையாக ஒற்றை சிகரெட் விற்பதை நிறுத்துவதும் அரசின் கடமைகள். அவை புதிதாகத் தொடங்குபவரைத் தடுக்கும், விட நினைப்பவரைத் தூண்டும். ஏற்கெனவே பழகிவிட்டவர் விலையேற்றத்தால் மட்டும் தவித்து நிற்காமல் இருக்க, அவருக்குக் கைகொடுக்க ஆள் வேண்டும்.

செய்ய வேண்டியவை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. காசநோய்ச் சிகிச்சை தொடங்கும் நாளில், மாத்திரை எப்படிச் சாப்பிடுவது என்று சொல்லும் அதே அமர்வில், புகையை விடும் நாளையும் நோயாளியோடு சேர்ந்து குறியுங்கள். ஆறு மாதம் அவர் உங்கள் கண்பார்வையில் இருக்கப்போகிறார், அதைவிட நல்ல வாய்ப்பு அமையாது. மாரடைப்புக்குப் பிறகு வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் ஆஸ்பிரினுக்கும் ஸ்டாட்டினுக்கும் அடுத்து இதையும் எழுதுங்கள். மாரடைப்பு போன்ற இதய நோய்க்குப் பின் புகையை விட்டவர்களின் இறப்பு, விடாதவர்களைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைவு என்று 2003-இல் வந்த தொகுப்பாய்வு சொல்கிறது. 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோகும் பெண்கள், “பீடி எப்படி இருக்கு, நிறுத்தியாச்சா?” என்று ஒரு கேள்வியையும் கொண்டுபோகலாம். வீட்டு வாசலில் தெரிந்த பெண் கேட்கும் கேள்விக்கு வரும் பதில் உண்மையாக இருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு 2002-இல் நாட்டில் தொடங்கிய 13 புகையிலை நிறுத்த மையங்களில் ஒன்று அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் அமைந்தது. அந்த அனுபவம் தாலுகா மருத்துவமனை வரை இறங்கி வர வேண்டும் என்று உங்கள் சங்கங்கள் வழியாகக் கேளுங்கள். விடும் நாளுக்கு முந்தைய நாள் ஒரு தொலைபேசி அழைப்பு, மூன்றாம் நாள் ஒன்று, ஒரு வாரத்தில் ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று. தவிப்பு உச்சத்தில் இருக்கும் நாட்களை இவ்வளவே தாங்கிப் பிடித்துவிடும். உங்களில் புகைப்பவர்கள் இருந்தால், இந்த உதவியை முதலில் நீங்கள் பெற்றுக்கொள்ளுங்கள். பிரிட்டன் மருத்துவர்கள் தங்கள் சக மருத்துவர்களின் இறப்புக் கணக்கைப் பார்த்துத் தாங்கள் முதலில் விட்டார்கள். பொதுமக்கள் பின்னால் வந்தார்கள்.

மருத்துவத் துறையிடம் தமிழ்நாடு பெரிய காரியங்களைக் கேட்டிருக்கிறது, பெற்றும் இருக்கிறது. பிரசவ மரணங்களைக் குறைத்தீர்கள், போலியோவை விரட்டினீர்கள், உறுப்பு தானத்தை நாட்டுக்கே முன்மாதிரியாக நடத்திக் காட்டினீர்கள். இவற்றோடு ஒப்பிட்டால் இந்த மடல் கேட்பது சிறியது. இதற்குப் புதிய கட்டடமோ விலையுயர்ந்த கருவியோ தேவையில்லை. நாளை காலை உங்கள் முன் அமரும் நோயாளிகளில் புகைப்பவர் ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். விட உதவி உண்டு என்று சொல்லுங்கள். ஒரு நாளைக் குறித்துக் கொடுங்கள். அடுத்த முறை வரும்போது அதை மறக்காமல் விசாரியுங்கள். ‘விட்டுடுங்க’ என்று சொல்லும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. விடும்வரை கூடவே இருக்க வேண்டிய கடமையும் உங்களுக்கு இருக்கிறது.

அன்புடனும் நம்பிக்கையுடனும்,
உங்கள் பணியை மதிக்கும் ஒரு குடிமகன்